பார்வையிட்ட நேரம்: மாலை நாலு

1943 அக்டோபரில் அடையாறு கரை மீறியபோது, கோட்டூரில் மெஹபூப் பாஷாவின் தோட்டத்திலிருந்து அரை ஏக்கர் சிறுகீரையும் ஒரு மாடும் கடலுக்குப் போயின. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்க முடியாது. மழை இருக்கும்வரை கவலை இல்லை. தை பிறந்தால் கிணற்றுத் தண்ணீர்தான். அதற்குள் இன்னொரு மாடு வாங்கியாக வேண்டும்.

சர்க்கார் வெள்ள நிவாரணம் அறிவித்தது. மாட்டுக்கு வேண்டுமானால் செத்த மாட்டைக் காட்ட வேண்டும். பயிருக்கு என்றால் அழிந்த வயலைக் காட்டினால் போதும். பாஷா பயிருக்கே மனுப் போட்டார்.

அந்த மனு நகரும் விதம் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலில் கர்ணம் எழுதுவார். தாலுகா கச்சேரியில் அதற்கு எண் விழும். பிறகு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, கண்ணால் பார்த்து, ‘பயிர் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் பணம். இதற்கெல்லாம் நாற்பது நாள். கீரை முளைத்து வளர இருபத்தைந்து நாள் போதும். இந்த இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

“இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் மண்ணைத் தொடாதே” என்று கர்ணம் சொல்லியிருந்தார். பாஷா தொடவே இல்லை. ஆனால் வெள்ளம் விட்டுப்போன வண்டலில், மேலே சைதாப்பேட்டைத் தோட்டங்களின் விதையும் கலந்திருந்தது. இன்ஸ்பெக்டர் சிதம்பரநாதன் ஒரு நாள் காலை சைக்கிளை விட்டு இறங்கியபோது தண்டுக்கீரை இடுப்பளவு நின்றது.

“என்ன பாய், செழிச்சுல்லா கிடக்கு! அழிவு எங்க வே?” என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர்.

“இது என் கீரை இல்ல சார். நான் போட்டது சிறுகீரை. இது சைதாப்பேட்டை கனகராஜோடது, தானா வந்து கீது. பாருங்க, பாத்தி கீதா, வரிசை கீதா? நான் போட்டா இப்படியா போடுவேன்?”

“நீரு சொல்லுறது சரிதான். ஆனா பாரத்துல பயிர் உண்டு, இல்லைன்னு ரெண்டே கட்டம். அடுத்தவன் பயிருக்குக் கட்டம் கிடையாது. கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன்.”

பாஷாவின் மனைவி கமர் ஜஹான் முன்னால் வந்தாள். “எத்தினி மணிக்குப் பாக்கணும் சார்?”

“இன்னிக்குத் தேதிக்குள்ள பாக்கணும். நேரம் நான் போடுறதுதான்.”

“அப்போ நெழல்ல குந்துங்க. டீ போடறேன்.”

மயிலாப்பூரில் கீரை விற்கும் ஜானுவுக்கு ஆள் போயிற்று. அவள் பத்துப் பெண்களோடு வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“இன்னா பாய், ஒரு மாசமா கீரை இல்ல, இல்லன்னு வெரட்டிக்கினு, இங்க காடே வளத்து வெச்சுக்கினு கீறியா?”

“நான் எங்கம்மா வளத்தேன்!” என்றார் பாஷா, அழாத குறையாக.

பெண்கள் வயலில் இறங்கினார்கள். தண்டுக்கீரையை யாரும் அரிவதில்லை, வேரோடு பிடுங்குவார்கள். காரியம் நடந்தது அதனால்தான். நாலு மணிக்குச் சிதம்பரநாதன் குடை நுனியால் மண்ணைக் குத்திக்கொண்டு வயலைச் சுற்றி வந்தார். ஒரு தழை இல்லை. ‘பயிர் இல்லை’ என்று எழுதினார். ‘பார்வையிட்ட நேரம்: மாலை நாலு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பாஷா அந்தக் கையெழுத்தை, மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

கமர் ஜஹான் நீட்டிய கீரைக்கட்டை இன்ஸ்பெக்டர் சும்மா வாங்கவில்லை. அரையணா கொடுத்துவிட்டு, சைக்கிளில் கட்டினார்.

“நாளைக்கு அந்தக் கனகராஜ் வயலுக்குத்தான் போறேன்” என்றார்.

“அங்க யாரு கீரை மொளைச்சு கீதோ” என்றார் பாஷா. “எதுக்கும் ஜானுவ கூட இட்டுக்கினு போங்க சார்.”