வலப்பக்கம் நகர்ந்த வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று ஜூலையில், ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் ஊரில் பேராசிரியர் லியோனல் கார்பெட்டின் பலகை வீடு வலப்பக்கமாக நான்கு அங்குலம் நகர்ந்தது. அந்த வாரம் ஆட்டு ரோமத்தின் விலை விழுந்திருந்ததால் ஊரார் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

லியோனல் செம்மறி மேய்த்தவரின் மகன். உதவித்தொகையில் கப்பலேறி, இங்கிலாந்தில் பழைய கிரேக்கமும் பழைய போர்களும் படித்துத் திரும்பி, இருபத்தாறு வருஷம் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார். எழுதியது ஒரே புத்தகம், கிரேக்கப் போர்முறையைப் பற்றி. கிரேக்கச் சிப்பாயின் இடக்கைக் கேடயம் அவனைப் பாதியும் இடப்பக்கத்து ஆளைப் பாதியும் மறைக்கும். அதனால் ஒவ்வொருவனும் வலப்பக்கத்தானின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்ப்பான், மொத்தப் படையும் வலப்பக்கமாகவே ஒதுங்கும். வீரமாவது மண்ணாங்கட்டியாவது, பக்கத்து ஆள்தான் போர் என்று முடித்திருந்தார். அறிஞர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அதைத் தட்டச்சு செய்தது மனைவி நோர்மா. எட்டுக் குளிர்காலம் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "லியோ, இந்தப் பக்கத்தைப் படிச்சா எதிரிகூடத் தூங்கிடுவான்" என்று சிரித்தபடியே அடித்துத் தள்ளினாள். அந்த நாட்களைப் போல அதன்பின் எதுவும் அவருக்கு இனிக்கவில்லை.

நோர்மா இறந்த மறுமாதம்தான் வீடு கிளம்பியது. ஆப்பு வைத்தார்கள், சங்கிலியால் கட்டினார்கள், சங்கிலி அறுந்தது. நாலு வருஷத்தில் வீடு வலப்பக்கத்து வீட்டு ரெஜ் டாக்கரின் வேலியை நெருங்கிவிட்டது. எல்லையைத் தாண்டினால் இடிக்க வேண்டியதுதான் என்று நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. நோர்மா நடந்து நடந்து தேய்ந்த பலகைகள் அவை. அவற்றைப் பெயர்ப்பது அவளை இரண்டாம் முறை புதைப்பதாகும் என்று லியோனலுக்குப் பட்டது. போதாக்குறைக்கு வேலிக்காரர் ரெஜ். ரோமக் கிடங்கில் வேலை, கல்யாணம் கிடையாது, இரண்டாம் உலகப்போரில் நியூகினித் தீவில் ஜப்பானியரோடு சண்டை போட்டவர். "துப்பாக்கியே தொடாத மனுஷன் சண்டையைப் பத்திப் புஸ்தகம் போடுறாரு. நான் குடும்ப வாழ்க்கையைப் பத்தி எழுதுற மாதிரி" என்று இருபது வருஷமாக வேலிக்கு மேல் கேலி செய்து வந்தவர்.

வேலிக்கு மூன்று அங்குலம் இருக்கையில், வேறு வழியில்லாமல், வீட்டைத் தானே பிரித்துவிடுவதாக ரெஜ்ஜிடம் சொல்ல லியோனல் போனார். ரெஜ் வேலிக் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ரெஜ், அது உங்க எல்லையாச்சே."

"எனக்குத் தெரியாதா புரொபசரே? அந்த முனையைப் பிடியும்." இருவரும் ஒரு கம்பத்தை ஆட்டி எடுத்தார்கள். "நியூகினியில எனக்கு வலப்பக்கம் டாம்னு ஒருத்தன். அவன் விழுந்ததும் நான் அடுத்தவன்கிட்ட போய் ஒண்டிக்கிட்டேன். முப்பது வருஷமா என்னைக் கோழைன்னே நெனச்சிருந்தேன். போன மாசம் நூலகத்துல உம்ம புஸ்தகத்தை எடுத்துப் படிச்சேன். அந்தக் காலத்துக்காரனும் ஒண்டியிருக்கான்னு தெரிஞ்சதும் ரெண்டு நாள் நல்லாத் தூங்கினேன்யா."

லியோனலுக்கு அழுகை வந்தது. மறைக்காமல் அழுதார். ரெஜ் அடுத்த கம்பத்துக்குப் போனார்.

அந்த வருஷத்துக்குள் வீடு மிச்சத் தூரத்தையும் கடந்து, ரெஜ் வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்றது. நகரசபை ஆள் வந்து அளந்தார், தேநீர் குடித்தார், வரைபடத்தில் எல்லைக்கோடு ஒன்றை அழித்துவிட்டுப் போனார். மறு குளிர்காலம் ரெஜ்ஜின் வீடு வலப்பக்கமாக இரண்டு அங்குலம் நகர்ந்தது. அந்தப் பக்கத்தில் தனியாக இருந்த விதவை ஐலீன் குவிர்க் ஜன்னல் வழியாக அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு தன் வேலிக் கம்பியை அவிழ்க்கப் போனாள்.