மஞ்சள் பட்டை

திரையில் இருந்த வடிவத்தைப் பார்த்துப் பதினான்காவது முறையாக அண்ணி உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னமோ இடிக்குது."

"எது இடிக்குதுன்னு சொல்லுங்க அண்ணி, எடுத்துடறேன்."

"அது தெரிஞ்சா நானே வரைஞ்சிருக்க மாட்டேனா?"

பிக்சலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்து திரையில் ஒரு புள்ளி தள்ளியிருந்தாலும் சோறு இறங்காத ஜென்மம் என்று பழைய அலுவலகத்தில் அவளுக்குச் சூட்டிய பெயர் அது. ஆறு வருட வேலையை உதறிவிட்டு அண்ணியின் கம்பெனிக்கு வந்து இரண்டு மாதம். அண்ணி வைஃபை ரவுட்டர் விற்கிறாள். அண்ணன் ஏணியில் ஏறிப் பொருத்துகிறான். உள்ளே ஓடுவது யார் வேண்டுமானாலும் திறந்து திருத்திக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருள். அதன் திரைக்கு நிறம், வடிவம் என்று கம்பெனியின் சொந்தச் சட்டையைத் தைத்து மாட்டுவது பிக்சலின் பொறுப்பு.

ஒரு மருத்துவமனை அறுபது ரவுட்டர் கேட்டிருந்தது. ஆர்டர் வந்தால் பிக்சலுக்கு நிரந்தர வேலை. வராவிட்டால் பழைய மேலாளர் முன்னால் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும்.

பதினொரு மணிக்கு அங்கே இயக்கிக் காட்டவேண்டும். இப்போது ஒன்பதரை.

பொத்தான், பட்டை, பெட்டி எல்லாவற்றையும் மாதிரிக்கான ஒரே பக்கத்தில் பிக்சல் அடுக்கி வைத்திருந்தாள். உள்ளே ஒப்புக்கு ஏதோ எழுத்துகள்.

"இந்தா, இதுதான்!" அண்ணி திரையைக் குத்தினாள். "இந்த மஞ்சப் பட்டை. ரோட்டுல பள்ளம் தோண்டிப் பலகை வெச்ச மாதிரி. தூக்கு."

பிக்சல் நிரலில் ஒரே வரி எழுதினாள். பட்டை மறைந்தது. அண்ணியின் முகம் மலர்ந்தது.

பதினொரு மணிக்கு மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விருந்தாளிங்களுக்கான வைஃபை பேரை மாத்திக் காட்டுங்க."

பிக்சல் மாற்றினாள். அவருடைய கைபேசியில் புதுப் பெயர் வந்தது. தலையசைத்தார். அவள் நிறங்களின் நயத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போதே கைபேசியைத் தூக்கிக் காட்டினார்.

"பழைய பேரே வந்துடுச்சேம்மா?"

மறுபடி மாற்றினாள். ஒன்றரை நிமிடம், மறுபடி பழைய பெயர். மூன்றாம் முறையும் அதே கதை.

"புது இடம் பாருங்க சார், கொஞ்சம் வெட்கப்படுது," என்று அண்ணி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பிக்சல் அண்ணனை அழைத்தாள். பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள்.

"ஏணி மேல நிக்கறேன், சட்டுனு சொல்லு."

"எதை மாத்தினாலும் ஒன்றரை நிமிஷத்துல பழசுக்கே போயிடுதுண்ணா!"

"மஞ்சப் பட்டையில 'சரி' அமுக்கினியா?"

"அது இப்ப இல்லண்ணா," என்றாள் பிக்சல்.

"மாத்தினதும் மேல வருமே," அண்ணன் தொடர்ந்தான். "தொண்ணூறு விநாடிக்குள்ள யாரும் அமுக்கலன்னா, தப்பா மாத்திட்டு உள்ள வரமுடியாம வெளிய மாட்டிக்கிட்டாங்கன்னு அதுவே பழசைக் கொண்டாந்துடும். அதைப் போய் எவனாவது எடுப்பானா?"

பிக்சல் அழைப்பைத் துண்டித்தாள். அண்ணி சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்தது?" என்றார் பொறுப்பாளர்.

அண்ணியின் பெயர் பிக்சலின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த வரியை எழுதியது இவள் கை. இரண்டு மாதத்தில் ஒரு நாளாவது அமைப்பு ஒன்றை மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நிறத்தை மட்டுமே மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார். அது எதுக்குன்னு பார்க்காமலே எடுத்துட்டேன்."

அந்த வரியை அழித்தாள். பெயரை மாற்றினாள். பட்டை அசிங்கமாக, பளீரென்று வந்தது. 'சரி' அமுக்கினாள். இரண்டு நிமிடம் மூவரும் கைபேசியையே பார்த்தார்கள். புதுப் பெயர் பழசுக்குத் திரும்பவில்லை.

"தப்பா மாத்தினா தானே திரும்பும்கிறது நல்ல விஷயம்," என்றார் அவர். "அறுபதும் எடுத்துக்கறேன். ஆனா உங்க அலங்காரம் வேண்டாம். அசல் தோற்றத்துலயே குடுங்க."

பதினான்கு வடிவங்களும் ஒரே வாக்கியத்தில் போயின.

படியிறங்கும்போது அண்ணி தோளைத் தட்டினாள். "விடு. ஆர்டர் வந்துடுச்சு, உன் வேலையும் உறுதி. என்னைக் காட்டிக்குடுக்கலையே, அதுவே பெரிசு."

"ஒண்ணு மட்டும் கேளுங்க அண்ணி. இனிமே எதையாவது தூக்கச் சொன்னீங்கன்னா, அது என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல கேளுங்க."

"கேக்கறேன். உனக்குத் தெரியுமா, சொல்ல?"

பிக்சல் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். போனதும் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்க்க வேண்டும்.