ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க

இவள் அழுதுவிட்டால் நல்லது. அழுதுவிட்டால் கேட்கமாட்டாள்.

பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சகாயமேரியைப் பற்றி ஜெசிந்தா இப்படித்தான் நினைத்தாள். நினைத்ததுமே வெட்கமாக இருந்தது. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே அப்புத்தளைக்குப் பக்கத்திலிருக்கும் இந்தப் பாடசாலைக்கு அவளை அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தாய் வாய் திறக்காமல் எழுந்து போனால் போதும் என்று நினைக்கிற ஆலோசகரை என்னவென்று சொல்வது?

சகாயமேரி அழவில்லை. குவைத்தில் ஆறு வருடமாக வேறொரு வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள். கண்ணீரை எங்கே வைத்துக்கொள்வது என்று பழகியிருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசை இல்லை. இரண்டு நாற்காலிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் சன்னலைப் பார்த்துக் கிடந்தன. நடுவே முக்காலியில் ஒரு பேசன் நிறையப் பச்சைப் போஞ்சிக்காய்.

"இது என்னங்க டீச்சர், குசினியா?"

"சின்ன புள்ளைங்க பகல் சாப்பாட்டுக்கு. இங்க வர்ற புள்ளைங்களும் நானும் நார் எடுத்து குடுப்போம்."

பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. எதிரே உட்கார வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். முதல் வருடம் அப்படித்தான் செய்தாள். பிள்ளைகள் தங்கள் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று எழுந்து போனார்கள். மடுல்சீமையில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் யாரும் முகத்துக்கு நேரே கவலை சொன்னதில்லை. ஒரே கூரையின் கீழ் வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்துக்குள் சொல்லவே முடியாது. வீட்டுச் சுவர்கள் கூரைவரை போகாது. இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் இருந்து சுடுதண்ணீர் வரும். கொழுந்து மலையில், அடுத்தடுத்த நிரையில் நிற்கும்போதுதான் பெண்கள் பேசுவார்கள். கண் செடியில் இருக்கும், கை கொழுந்தில் இருக்கும். கேட்பவளும் திரும்பிப் பார்க்காமல் "ம்" என்பாள். அந்த "ம்" தான் ஜெசிந்தா படித்த படிப்பில் இல்லாதது. சமையல்கார சூசையம்மா காலையில் பேசனை வைக்கும்போது, "இன்னிக்கு கவல எத்தன கிலோ டீச்சர்?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

சகாயமேரியின் கை தானாகவே பேசனுக்குள் போய் ஒரு போஞ்சியை எடுத்தது.

"நா ஊருக்கு வந்து ஒரு மாசம் ஆகப்போகுது. எம்மக டிலக்ஷி எங்கூட ஒரு வார்த்த பேசல டீச்சர். கோவமா பேசுனாக்கூட பரவால்ல. சோறு ஆக்குறா, என் சீலைய தொவச்சு மடிச்சு வைக்கிறா. பேச மட்டும் மாட்டா. நா அடுப்படியில நிக்கிறேன். 'கெவின், அம்மாகிட்ட உப்பு எடுத்து தரச்சொல்லு'ங்கிறா. அவ தம்பி வெளிய இருந்து, 'ஏன், ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நா என்ன போன் டவரா'ன்னு கேக்குறான்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சகாயமேரியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் சகாயமேரி இன்னொரு போஞ்சியை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் ஏர்போட்டுக்கு வேன் வருது. அவ அப்பா தேயில செடிய கவ்வாத்து வெட்டும்போது கால வெட்டிக்கிட்டதுல இருந்து மலைக்கு போக முடியல. நா போகாம முடியாது. அது அவளுக்கும் தெரியும்."

தெரியும். டிலக்ஷிக்கு எல்லாம் தெரியும். போன கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே போல நார் உரித்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவள் சொன்னது ஒரே ஒரு வசனம். "வாயத் தொறந்தா போகாதீங்கன்னுதான் வரும் டீச்சர். அம்மா நின்னுருவாங்க." ஜெசிந்தாவும் "ம்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். பதினேழு வயதுப் பெண் ஒரு வீட்டையே பல்லுக்குள் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அன்று மாலை பஸ்ஸில் வரும்போது நினைத்தாள்.

அந்த ஒரு வசனத்தை இப்போது எடுத்துக் கொடுத்தால் போதும். இந்தத் தாயின் முகம் என்னவாகும் என்று ஜெசிந்தாவால் பார்க்க முடிந்தது. அதன் பிறகு வேன் வருமா, வந்தாலும் இவள் ஏறுவாளா என்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

"நீங்க சொன்னா கேப்பா டீச்சர்" என்றாள் சகாயமேரி. "வீட்டுல தம்பிகிட்ட எதுக்கெடுத்தாலும் ஜெசிந்தா டீச்சர் சொன்னாங்க, ஜெசிந்தா டீச்சர் சொன்னாங்கன்னுதான். கூப்புட்டு ஒரு வார்த்த பேச சொல்லுங்க. போயிட்டு வாங்கம்மான்னு சொன்னா போதும்."

ஜெசிந்தாவின் அம்மா ஜோர்தானில் இருந்து வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. லயத்து ஆட்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். வேன் கதவு திறந்தது. வாசனை பூசிக்கொண்டு, மெலிந்து, புதுச் செருப்போடு ஒரு பெண் இறங்கினாள். சித்தி முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போடி, போய் அம்மாவுக்கு முத்தம் குடு. எல்லாரும் பாக்குறாங்கள்ல." அவள் போனாள், கொடுத்தாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்குள் அப்போது இருந்தது என்ன, கோபமா பயமா ஆசையா, எதுவென்று பார்ப்பதற்குள் அந்த முத்தம் அதன்மேல் மூடியாக விழுந்துவிட்டது. இன்றும் அம்மா தினமும் போன் எடுத்துப் பேசுகிறாள். "சாப்டியா?" "சாப்டேம்மா." "குளிரா?" "ஆமாம்மா." இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் வாசலில் நிற்கும் லயத்து ஆட்களுக்குக் கேட்கும்படியே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"இருக்கிற நாளைக்கு அவ பக்கத்துல சும்மா இருங்க" என்றாள் ஜெசிந்தா. "பேச சொல்லாம."

"அதத்தான டீச்சர் ஒரு மாசமா செய்றேன்." கையிலிருந்த போஞ்சியைப் பேசனுக்குள் போட்டாள். "ஒங்ககிட்ட வந்து பேசுறாள்ல. அதையாவது சொல்லுங்க. என்னப்பத்தி என்னா சொன்னா?"

"அது அவ சொன்னது மேரி. என்கிட்ட இருக்கு, ஆனா என்னோடது இல்ல."

மணி அடித்தது. உயர்தர வகுப்புப் பெண்கள் வெள்ளைச் சீருடையில் மைதானத்தின் குறுக்கே வந்தார்கள். நடுவில் டிலக்ஷி. யாரோ எதையோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சகாயமேரி எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடமாகக் கைபேசித் திரையில் பார்த்த முகம், அங்கே முழு உடம்போடு சிரித்துக்கொண்டு நடந்தது.

"இந்தா போறா டீச்சர். இப்ப கூப்புடுங்க. நா ஒண்ணும் பேச மாட்டேன். அம்மாகிட்ட பேசுடின்னு நீங்க ஒரு வார்த்த மட்டும்."

சன்னல் திறந்துதான் இருந்தது. பெயரைச் சொன்னால் போதும்; திரும்புவாள், வருவாள், சொன்னதைச் செய்வாள். ஜெசிந்தா எழுந்து சகாயமேரிக்குப் பக்கத்தில், தோள் தோளைத் தொட, அவள் பார்க்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நா சொல்ல மாட்டேங்க" என்றாள் மெல்ல.

கீழே பள்ளத்தில் இருந்து பனி ஏறிவந்து மைதானத்தைப் பாதியாக்கியது. வெள்ளைச் சீருடைகள் ஒவ்வொன்றாக அதற்குள் போயின. சிரிப்பு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.