அப்பாவுவின் விழுதுப் பாலம்

எழுபத்தேழாம் வருஷக் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. வடக்குப்பட்டு ஏரி வழிந்து, ஓடை கரைபுரண்டது. ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்த பத்து வீடுகளும் தனித்துப்போயின. அதில் ஒரு வீட்டில் அப்பாவுவின் மருமகள் கிரேசி காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கால் முன்னால் வருகிறது என்று மருத்துவச்சி கிளியம்மாள் கையை விரித்துவிட்டாள்.

மகன் தாவீது விடியலிலேயே ஓடையை நீந்திக் கடந்து, படப்பை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கிளாராவை அழைத்து வந்துவிட்டான். ஆனால் அதற்குள் வெள்ளம் இரண்டு ஆள் உயரம் ஏறியிருந்தது. இருவரும் அக்கரையில் நின்றார்கள்.

நடுவே அப்பாவுவின் பாலம். வாலிபத்தில் பட்டாளத்தோடு அசாம் மலைக்கு ரோடு போடப் போனபோது வேரிலேயே வளர்ந்த பாலங்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். குடைந்த பனந்துண்டுகளை ஓடையின் குறுக்கே போட்டு, கரையிலிருந்த ஆலமரத்தின் விழுதுகளை அவற்றுக்குள் விட்டு, பதினாலு வருஷமாக அக்கரைக்கு வளர்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஆடு ஏறினால்கூட விரட்டுவார்.

"பெரியவரே, தாங்குமா?" கிளாரா கத்திக் கேட்டாள்.

அப்பாவு பாலத்தின் நடுவைப் பார்த்தார். தாங்கும் என்று சொல்லி அந்தம்மா வெள்ளத்தோடு போய்விட்டால்? தாங்காது என்றால் கிரேசி? நடுவில் இரண்டு விழுது இன்னும் மற்றவற்றோடு ஒட்டி வளரவில்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரியல நர்ஸம்மா! அங்கியே இருங்க, நான் வந்து பாக்கறேன்!"

தன் கனம் போதாதென்று அரை மூட்டை நெல்லை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். நடுப்பாலத்தில் இடது காலுக்கடியில் ஒரு விழுது படக்கென்று அறுந்தது. முழங்கால்வரை உள்ளே போனார். "ஆண்டவரே!" என்று தாவீது அலறினான். மற்ற விழுதுகள் முனகின, ஆனால் விடவில்லை. காலை உருவிக்கொண்டு தவழ்ந்தே அக்கரை சேர்ந்தார்.

"அறுந்தது நீங்க போறப்ப வலது பக்கம் வரும், அங்க காலை வெக்காதீங்கம்மா. இடது பக்கம் தடிச்ச விழுது ரெண்டு கீது, அதும் மேலயே போங்க. ஒருத்தர் போனப்புறம்தான் இன்னொருத்தர்."

கிளாரா செருப்பைக் கழற்றினாள், பையைக் கழுத்தில் மாட்டினாள், சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். பாலம் தொய்ந்து வெள்ளத்தைத் தொட்டது. அவள் இறங்கும்வரை அப்பாவு மூச்சே விடவில்லை.

பொழுது சாயுமுன் பெண் குழந்தை பிறந்தது. அழ ரொம்ப நேரம் பிடித்தது. அழுதுவிட்டது.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்தது. ஊர் திரும்பக் கிளம்பிய கிளாரா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரிலேயே இறங்கி நடந்தாள்.

"பாலத்து மேல போலாமே நர்ஸம்மா?" என்றான் தாவீது.

"ஐயோ, எனக்கு ஒரு தரம் போதும்ப்பா!"

அப்பாவு அவனைத் தடுத்தார். "அவங்கள வுடுடா. எனக்கே அதும் மேல ஏற இன்னும் மனசு வரல."