வெண்டலின் பார்வை

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருக்கையில், லொரெய்ன் தன் கணவன் வெண்டலின் துப்பாக்கியோடு என் துப்பாக்கிக் கடைக்கு வந்தாள். கோடையில்தான் அவனைப் புதைத்திருந்தோம்.

“மான்கறி இல்லாம குளிர்காலம் ஓடாதுண்ணே. நானே போகப் போறேன். குறிபார்க்கிற தொலைநோக்கி ஒண்ணு குடுங்க. ரொம்ப விலையும் வேணாம், மட்டமும் வேணாம்.”

எனக்கு எரிச்சல் வந்தது. “அதான் ஏற்கெனவே மாட்டியிருக்கே! நான் வித்த நல்ல சரக்கு. எதுக்கும்மா காசைக் கரியாக்குறே?”

“அதுல எல்லாம் மங்கலாத் தெரியுது.”

“மங்கலாத் தெரியாம என்ன செய்யும்? அவன் கண்ணுக்குத் திருகி வச்சது. இந்த வளையத்தை உன் கண்ணுக்குத் தகுந்த மாதிரி லேசாத் திருப்பினா பளிச்சுனு ஆயிடும்.”

வளையத்தில் விரல் வைத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“விடுங்கண்ணே! திருப்பிட்டா, அவரு எப்படிப் பார்த்தாருன்னு அப்புறம் எப்படித் தெரியும்?”

பழையதைக் கழற்றிவிட்டு, நடுத்தர விலையில் புதிதாக ஒன்றை மாட்டினேன். கழற்றியதைக் கையில் கொடுத்ததும், அதைக் கண்ணில் வைத்து ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

“என்னம்மா தெரியுது?”

“ஒண்ணுமே தெரியல” என்றாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.