அதேரித்துவின் விரலில் ஒரு கைக்குட்டை

1

இந்தக் கதை ஒரு ஏமாற்று வேலையில் பிறந்தது. நாவல் எழுதுவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டு, பாதியில் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன். எழுதாமலிருக்க மரியாதையான ஒரு காரணம் தேவைப்பட்டது. எங்கள் பிராகா நகரில், பழைய தீயணைப்பு நிலையத்தின் மாடியில், வார இறுதிகளில் கைவினைப் பயிலரங்கு நடக்கிறது. வாரம் ஒரு கலை. மண், பிரம்பு, சோப்பு, ஓட்டில் ஓவியம். போய் உட்கார்ந்தேன். எழுதாமலிருக்கப் போன இடத்தில் கதை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தெயோலிந்தாவின் விரல்கள் நூலோடு பேசின."

அடித்துவிட்டேன். அவள் விரல்கள் நூலோடு பேசவில்லை, திட்டின. அடுத்தது: "போர்ச்சுகலின் வடக்கே, வசந்தத்தின் ஓர் இளங்காலையில், தலைமுறைகளின் நினைவைச் சுமந்த அந்த ஊசி..."

இதை நான் முடிக்கவே இல்லை. முடித்திருந்தால் சுற்றுலாத் துறை விலைக்கு வாங்கியிருக்கும். போகட்டும், நேராகவே சொல்கிறேன்.

2

தெயோலிந்தா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பதைத் தாண்டியவள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, கணவனை அவன் விரும்பிய பெண்ணிடமே அனுப்பிவைத்து, முதல்முறையாகச் சனி ஞாயிறு தனக்கென்று கிடைத்தவள். அதைக் கொண்டாடத்தான் மாடிக்கு வந்தாள். அவள் செய்த எதுவும் உருப்பட்டதில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை நமக்குத் தெரியும். இவள் பிடித்த மண் சேவல் எந்த மிருகமாகவும் முடியவில்லை. கூடை ஒருபக்கம் சாய்ந்தது. சோப்பு நுரைக்க மறுத்தது. ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து வயிறு குலுங்கச் சிரிப்பாள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு துணைச் சிரிப்பு எழும். அதுதான் அதேரித்து.

அதேரித்து லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். எதைச் செய்தாலும் கடையில் வாங்கியதுபோல் கச்சிதமாக இருக்கும். (இவ்வளவு கச்சிதமான ஆள் கதைக்கு ஆகுமா என்று பயந்து, முதல் வரைவில் இவருக்குக் குடிப்பழக்கம் கொடுத்தேன். நம்பும்படி இல்லை. திரும்பப் பிடுங்கிக்கொண்டேன். அவளை 'அவள்' என்றும் இவரை 'அவர்' என்றும் எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். அவள் என் தோழி. இவரோடு எனக்கு வணக்கத்தோடு சரி.)

"என்னது இது, டோனா தெயோலிந்தா? வாத்தா?"

"சேவல்."

"கொண்டையைக் காணோமே?"

"தொப்பி போட்டிருக்கு. உங்க வேலையைப் பாருங்க, சென்யோர் அதேரித்து."

இருவரும் ஒருவரையொருவர் டோனா, சென்யோர் என்று மரியாதை சேர்க்காமல் கூப்பிட்டதே இல்லை.

3

அந்த வாரம் கைக்குட்டை.*

* எங்கள் பக்கத்து வழக்கம்: பெண் ஒரு வெள்ளைத் துணியில் சிவப்பும் நீலமுமாக இதயம், பறவை, சாவி, இரண்டு வரிப் பாட்டு எல்லாம் தைத்து, மனசுக்குப் பிடித்தவனிடம் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவன் அதை ஊர் பார்க்க அணிந்து வந்தால் சம்மதம். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இப்போது யாரும் இப்படிக் கல்யாணம் நிச்சயிப்பதில்லை. ஆனால் யாரும் மறக்கவும் இல்லை.

கடைசி வகுப்பு ஞாயிறு காலை. தெயோலிந்தா தான் தைத்த பறவையைத் தூக்கிக் காட்ட, அதேரித்து சிரித்த சிரிப்பில் கத்தரிக்கோல் விரலில் இறங்கிவிட்டது. ரத்தம் கொட்டியது. ஆசிரியை செலெஸ்ட் முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பொத்தான்கள். தெயோலிந்தா கையில் இருந்ததைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"கையை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே மருந்துக்கடைக்குப் போங்க" என்றார் செலெஸ்ட்.

மருந்துக்கடை சதுக்கத்தின் அந்தக் கோடியில். மாதா கோயிலில் பூசை முடிந்து ஊர் மொத்தமும் வெளியே வருகிற நேரம். அதற்கு நடுவில், இதயங்கள் தைத்த கைக்குட்டை காற்றில் ஆட, ஒற்றை விரலை வானத்துக்கு உயர்த்திக்கொண்டு அதேரித்து நடந்து போனார். சன்னலில் நின்று பார்த்த தெயோலிந்தா தலையில் கைவைத்தாள்.

"அடக் கடவுளே! ரத்தத்தைப் பார்த்தேனே, கிழமையைப் பார்க்கலையே!"

4

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? திங்கட்கிழமை பேருந்தின் முதல் நடையிலேயே பயணிகள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"வாழ்த்துகள், டோனா தெயோலிந்தா! கடைசில அந்த லிஃப்ட்காரர்தானா?"

"விரல் வெட்டிக்கிச்சு. கட்டு போட்டேன். அவ்வளவுதான்."

"எங்க காலத்துல கழுத்துல கட்டிப்பாங்க. இப்ப விரல்லயா? நல்லாத்தான் இருக்கு."

"விருந்துக்கு உப்பு மீன் என் பொறுப்பு" என்றாள் இன்னொருத்தி. "பழைய புருஷனுக்குச் சொல்லியாச்சா?"

அடுத்த சனிக்கிழமை மரக்கரண்டி செதுக்கும் வகுப்பு. அதேரித்து வரவில்லை. தெயோலிந்தா படியைப் பார்ப்பதும் மரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசியில் பார்த்தால், கரண்டி அழகாக வந்திருந்தது. பிடி நேராக, குழிவு அளவாக. அவள் கையில் ஒழுங்காக வந்த முதல் பொருள். அதை யாருக்கும் காட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) கல்யாணம். பக்கவாத்தியத்தோடு.

ஆ) அதேரித்து போர்த்தோவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, மழை பெய்யும் ரயில் நிலையத்தில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு... (இல்லை. அவரிடம் பெட்டியே கிடையாது.)

பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றபோது, இரண்டையும் தெயோலிந்தாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கல்யாணம் பண்ணி வச்சிட்டியாடி? ஒருத்தனுக்குப் பொங்கிப் போட்டுட்டு இப்பத்தான் கரையேறியிருக்கேன்."

"அப்ப போர்த்தோவுக்கே அனுப்பிடவா?"

"வாயைக் கழுவு."

"பின்ன உனக்கு என்னதான் வேணும்?"

ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியை முழங்கையால் துடைத்தாள். "அந்த மனுஷன் அந்த நாற்காலில வந்து உட்காரணும். நான் செஞ்சதைப் பார்த்துக் கேலி பண்ணணும். என்னைப் பார்த்து அப்படிச் சிரிக்க வேற யாரும் இல்லடி. இதுக்கு உன் கதையில வழி இருக்கா?"

இருக்கவில்லை. கைக்குட்டையை அவர் வைத்துக்கொண்டால் மாப்பிள்ளை. திருப்பிக் கொடுத்தால், ஊரறிய அவளை வேண்டாமென்றவர். இரண்டில் எது நடந்தாலும் பக்கத்து நாற்காலி போச்சு. அவர் வராமல் ஒளிந்ததும் அதனால்தான். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது. இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

6

வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அதேரித்து. வியாழன் மாலை, வண்டி நிறைய ஆட்கள். நான் பின்னிருக்கையில். கடைத்தெரு நிறுத்தத்தில் முன்கதவு திறந்தது, அவர் ஏறினார். தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. சட்டைப்பையிலிருந்து, துவைத்துத் தேய்த்து மடித்த கைக்குட்டையை எடுத்தார்.

"இது உங்களோடது. திருப்பிக் கொடுக்க வரல, டோனா தெயோலிந்தா. பத்திரமா இருக்குன்னு காட்டறேன்."

அதை உள்ளே வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்து நீட்டினார். "இது நான் தைச்சது."

முன்னிருக்கை அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பளை தைச்சுப் பொம்பளைக்குக் கொடுக்கறதா? அப்படி ஒரு வழக்கமே இல்லையே. இதுக்கு என்னய்யா அர்த்தம்?"

"இதுக்கு இன்னும் யாரும் அர்த்தம் வைக்கலைங்கம்மா. அதான் தைச்சேன். நாங்களே மெதுவா வச்சுக்கறோம்." பிறகு அவளிடம்: "சனிக்கிழமை வகுப்புல கம்பளித் தொப்பியாம். வர்றீங்களா? சேர்ந்து கெடுக்கலாம்."

தெயோலிந்தா துணியை வாங்கி விரித்தாள். என்ன தைத்திருந்தார்? எனக்குத் தெரியாது. வண்டியில் இருந்த அத்தனை பேரும் எழுந்து எட்டிப் பார்த்ததில் எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. அவள் சிரிப்பது மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்து அவர் சிரிப்பும்.

7

நான் பின்கதவு வழியாக இறங்கிவிட்டேன். நாலு எட்டு வைத்தால் முன்கண்ணாடி. அந்தத் துணியை அவள் கழுத்தில் கட்டிக்கொண்டாளா, பைக்குள் வைத்தாளா, கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, எல்லாம் தெரிந்துவிடும். கதை எழுதுகிறவள் ஓடிப்போய்ப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. ஊரே எட்டிப் பார்த்தாயிற்று, ஒருத்தியாவது பார்க்காமல் இருக்கட்டும் என்று பழக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நிறுத்தத்தை ஒட்டிய சிக்னல் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது, வண்டி நகரவில்லை. உங்களுக்குப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள். என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.