பள்ளத்தின் மேல் நின்ற குலவை

கருப்புக் கொடி இறங்கிய அன்று தல் ஹஜ்லா ஊர்ப் பெண்கள் இட்ட குலவை ஒன்பது நாள் ஓயவில்லை. இட்டவர்கள் வீட்டுக்குப் போய் ரொட்டி சுட்டு, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகும் அது தெருவுக்கு மேலே, முன்பு மின்கம்பி இருந்த உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. மூன்றே முக்கால் வருஷம் குலவைக்குத் தடை. பெண்ணின் குரல் வாசலைத் தாண்டினால் அவள் புருஷனுக்குக் கசையடி. அந்தக் காலத்தில் ஊரில் நடந்த நாற்பத்தொரு கல்யாணமும் இழவு வீடு மாதிரி நடந்தன. அத்தனை நாள் தொண்டையில் கிடந்தது ஒரே பொழுதில் தீர்ந்துவிடுமா என்று ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொண்டாட்டத்தில் குறை வைக்கவில்லை. ஆண்கள் நடுத்தெருவில் நின்று சிகரெட் பற்றவைத்தார்கள். பழக்கமே இல்லாதவர்களும் பற்றவைத்து இருமினார்கள். பெண்கள் கருப்பு அங்கிகளைக் கழற்றிக் குவித்து எரித்தார்கள். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகப் பூப்போட்ட உடுப்பு. அதுவரை கருப்புக் கொடிக்காரர்களைப் பயந்து பயந்து ‘அரசு’ என்று மரியாதையாகச் சொன்ன வாய்கள், அவர்களுக்கு ஆகாத ‘தாயிஷ்’ என்ற பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தன. முன்பு அந்தப் பெயரைச் சொன்னால் நாக்கு போகும். மீட்க வந்தவர்களின் விமானங்கள் மாவு மில்லையும் பள்ளிக்கூடத்தையும் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பதினாறு பேரையும் சேர்த்தே மீட்டிருந்தன. அதை அன்றைக்கு யாரும் பேசவில்லை. சிரிக்க வேண்டிய நாளில் அழுதால் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்பார்கள்.

துர்ஃபா மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சப்ஹா சும்மா இருப்பாளா? தெருவே கேட்கக் கேட்டாள்.

“என்ன ஃபவ்வாஸ் உம்மா, வாய்ல பேரீச்சங்கொட்டையா? ஊரே போடுது. நீ மட்டும் அவனுங்களுக்குத் துக்கம் காக்குறியோ?”

“என் கொலவைக்கு ஆளு இருக்கு. அவன் வரட்டும்” என்றாள் துர்ஃபா.

ஆள் என்றது அவள் ஒரே மகன் ஃபவ்வாஸை. பத்தொன்பது வயதில் அவனைக் கொண்டுபோனார்கள். அவன் செய்த குற்றம் சிகரெட். வீட்டுக்குள் குடிக்காதே, மெத்தையெல்லாம் நாறுகிறது, மாடிக்குப் போய்த் தொலை என்று துரத்தியவள் துர்ஃபாதான். மாடியில் புறாக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இழுத்த நெருப்பைத் தெருவில் ரோந்து போனவர்கள் பார்த்தார்கள். கூட்டுக்கு அடியில் எட்டுப் பெட்டி கிடைத்தது. கடத்தல் என்று எழுதிக்கொண்டார்கள். முப்பது நாள் மார்க்கப் பாடம் நடத்தி அனுப்பிவிடுவோம் என்று அவள் புருஷன் ஹலஃபிடம் சொன்னார்கள். அந்த முப்பது நாள் முடியவே இல்லை. மாடிக்குப் போகச் சொன்னதை துர்ஃபா யாரிடமும் சொல்லவில்லை, ஹலஃபிடம்கூட.

பத்தாம் நாள் காலையில் குலவை கலைந்து பிரிந்தது. நாற்பத்தொரு துண்டு நாற்பத்தொரு வீட்டைத் தேடிப் போய், கூரைக்கு மேல் ஒரு தேநீர் குடிக்கிற நேரம் நின்று அடங்கியது. அதற்குள் தலாக் ஆகிப் பிரிந்திருந்த ஒரு ஜோடிக்கும் வந்தது. இருவர் வீட்டிலும் பாதிப் பாதியாகக் கேட்டதால் இரண்டு பக்கமும் சங்கடம். மாவு மில்லில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி கடைசி ஒலி தேயும்வரை வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். மீதிக் குலவை ஒன்றாகச் சேர்ந்து வடக்கே போனது. எட்டுக் கிலோமீட்டர் தள்ளி, வெட்டவெளியில் பூமி வாய் பிளந்த ஒரு பள்ளம் இருக்கிறது. கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் கேட்காது. தாயிஷ்காரர்களின் வண்டிகள் அங்கே நிறைந்து போகும், காலியாகத் திரும்பும். குலவை அந்தப் பள்ளத்தின் வாய்க்கு மேல் போய் நின்றது. அப்புறம் நகரவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சீமையில் கல்யாணம் ஆகாத பையன் செத்தால் மய்யித்தைத் தூக்கும்போது குலவை இடுவார்கள். மாப்பிள்ளை ஆகாமல் மண்ணுக்குள் போகக் கூடாது. தெரிந்தும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பமாகப் போய் நின்று அழுதுவிட்டுத் திரும்பியது. கேமராவைக் கயிற்றில் இறக்கிப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கயிறு போதவில்லை. சுற்றிலும் இருந்த கண்ணிவெடிகளை ஒரு பாதை அகலத்துக்கு எடுத்துவிட்டு, அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லிப் போனார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். குலவைக்கு அடியில் ஆடுகள் மேய்ந்தன.

துர்ஃபா அந்தத் திசைக்கே போகவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் மகனுடைய மெத்தையைப் பிரித்து, உள்ளிருந்த ஆட்டு ரோமத்தை அடித்து, திரும்ப அடைத்துத் தைத்தாள். ஹலஃப் ஒருநாள் செத்தவர்களுக்கு ஓதுகிற ஃபாத்திஹாவை ஓதிவிடலாமா என்று கேட்டதற்கு மூன்று மாதம் அவனோடு பேசவில்லை.

ஐந்தாம் வருஷம் ஹலஃபின் தம்பி ஜத்ஆன் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தான். அவன் மகள் நஜ்லாவைப் பதினாறு வயதில் ஃபவ்வாஸுக்குப் பேசி முடித்திருந்தார்கள். இப்போது அவளுக்கு இருபத்து மூன்று. பெரியப்பா மகனுக்கே பெண் கொடுப்பது அங்கே வழக்கம். அப்படிப் பேசிய பெண்ணை அந்த வீடு விட்டுக்கொடுக்காமல் வேறு எவனும் கேட்டு வர மாட்டான். துர்ஃபா காபி ஊற்றிக் கொடுத்தாள். ஜத்ஆன் அதை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தான். அப்படி வைத்தால் ஏதோ கேட்டு வாங்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். கேட்டது கிடைக்காமல் அவன் எழுந்து போனால் அந்த வீட்டு வாசலை அப்புறம் யாரும் மிதிக்க மாட்டார்கள்.

“மதினி, பொண்ண விட்டுக் குடுங்க” என்றான். “அவ ஒரு வார்த்தை சொல்லல. சொல்லாததுதான் எனக்குத் தாங்கல.”

துர்ஃபா கப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடுத்தால் மகனைத் தன் கையால் புதைத்த மாதிரி. கொடுக்காவிட்டால் நஜ்லா உயிரோடு புதைகிறாள்.

“நாளைக்கு வரைக்கும் கப்பு அங்கயே இருக்கட்டும்” என்றாள்.

மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளில் ஹலஃபின் பின்னால் உட்கார்ந்து பள்ளத்துக்குப் போனாள். வெள்ளைக் கல் வைத்திருந்த பாதையில் நடந்து விளிம்பில் நின்றாள். தலைக்கு மேல் ஐந்து வருஷத்துக் குலவை. அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நாந்தாண்டா உன்ன மாடிக்குப் போகச் சொன்னேன்” என்று கீழே பார்த்துச் சொன்னாள்.

ஹலஃப் அதைக் கேட்டான். அவள் வாய்க்குக் கையைக் கொடுத்துக் குலவை இட்டாள். முதலில் காற்றுதான் வந்தது, பிறகு கரகரப்பு, அதன் பிறகு குரல். கல்யாண வீட்டில் பெற்றவள் இடுகிற நீளத்துக்கு, மூச்சு அறும்வரை இட்டாள். அது மேலே போய் மற்றதோடு சேரவில்லை. நேரே கீழே இறங்கிப் போனது.

கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை எழுந்தது. மலிவான சிகரெட்டின் நாற்றம். பெற்றவளுக்கா தெரியாது? ஹலஃப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னும் விடல பாரு, கழுத” என்று சொல்லி துர்ஃபா அழுதாள்.

வீட்டுக்கு வந்து ஜத்ஆனைக் குடிக்கச் சொன்னாள். அவன் நேற்றைய காபியைச் சூடு பண்ணச் சொல்லாமல் குடித்தான். இலையுதிர் காலத்தில் நஜ்லாவுக்குக் கல்யாணம் நடந்தது.

புகை இப்போதும் வருகிறது, சாயங்காலத் தொழுகைக்குச் சற்று முன்னால். மேய்ப்பர்கள் அதைப் பார்த்து ஆட்டைத் திருப்புகிறார்கள். வியாழக்கிழமைதோறும் துர்ஃபா ஒரு பெட்டி சிகரெட் வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் போடுகிறாள். கீழே ஈரமாக இருக்கும் என்று, அவள் கேட்காமலே கடைக்காரன் ஒரு தீப்பெட்டியை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கூட வைக்கிறான்.